பழைய பக்கத்தை முதலில் திறவுங்கள்

வலைப்பதிவு தொடங்கிய இளையவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: வாரத்துக்கு எத்தனை பதிவு எழுத வேண்டும்? என் பதில் அவர்களுக்குச் சப்பென்று இருக்கும். புதிதாக ஒன்றை எழுதுமுன் பழையதைத் திறந்து பாருங்கள். போன வருடம் எழுதியது இன்றைக்கும் உண்மையா என்று பாருங்கள். இல்லையென்றால் அதைத் திருத்திய பிறகு அடுத்ததைத் தொடங்குங்கள். இந்த விடயத்தில் நான் பிடிவாதக்காரி. அந்தப் பிடிவாதம் என் தொழிலிலிருந்து வந்தது.

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரத்துக் கட்டடம் ஒன்றின் மாடியில் என் மேசை இருக்கிறது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு என் தொழில். பிறப்பு, விவாக, மரணப் பதிவுகள், பாடசாலை விடுகைப் பத்திரங்கள், காணி உறுதிகள் எல்லாம் என் கையால் போகும். யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் புறப்பட்டவர்கள் விடியப்புறம் வெள்ளவத்தையில் இறங்கி, எங்காவது முகம் கழுவி, ஒரு தேநீர் குடித்துவிட்டு, நான் கதவு திறக்குமுன்பே படிக்கட்டில் கோப்போடு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கேட்பதில் பாதி மொழிபெயர்ப்பைப் பற்றியதே அல்ல. "மிஸ், அடையாள அட்டைக் கந்தோருக்கு எப்படிப் போவது?" "பிள்ளைக்கு பாஸ்போர்ட் எடுக்கத் தாயும் தகப்பனும் இரண்டு பேரும் போக வேண்டுமா?" "பெயரில் ஓர் எழுத்து மாறிக் கிடக்கிறது அக்கா, பரவாயில்லையா?" ஒரே விடையை வாயால் சொல்லிச் சொல்லிப் பிறகு தாளில் எழுதிப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். தாளில் இருந்ததை இணையத்தில் ஏற்றினேன். என் தளம் தொடங்கியது அப்படித்தான்.

ஒரு முறை கிளிநொச்சியிலிருந்து ஒரு தகப்பன் வந்தார். மகளின் கடவுச்சீட்டு அலுவல். முதல் நாள் முழுவதும் கொழும்பு 10இல், ஆனந்த ராஜகருணா மாவத்தையில் அலைந்திருக்கிறார். குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் ஒரு காலத்தில் அங்கேதான் இருந்தது. அது பத்தரமுல்லையில் சுஹுருபாய கட்டடத்துக்கு இடம்மாறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் சட்டைப்பையில் ஏதோ ஓர் இணையத்தளத்திலிருந்து எடுத்த அச்சுப்பிரதி இருந்தது. நல்ல தமிழ், பிழையில்லாத வசனங்கள், ஒழுங்கான பட்டியல். எப்போது எழுதப்பட்டது என்பது மட்டும் அதில் ஓரிடத்திலும் இல்லை. எழுதியவர் பொய் சொல்லவில்லை. எழுதிய நாளில் அது சரியாகத்தான் இருந்திருக்கும். அதன் பிறகு அவர் அந்தப் பக்கத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. காலாவதித் திகதி அழிந்துபோன மருந்துப் போத்தலைக் கையில் வைத்திருந்தது போல அந்த மனிதர் அந்தத் தாளை வைத்திருந்தார். அவருக்கு ஒரு நாள் கூலி போயிற்று, ஓர் இரவுத் தங்கல் செலவாயிற்று. எழுதியவருக்கு இது தெரியவே போவதில்லை.

அதற்குப் பிறகு என் தளத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்புக்குக் கீழே முதல் வரியாகத் திகதி வந்தது. மென்பொருள் தானாகப் போடும் "புதுப்பிக்கப்பட்டது" என்ற திகதியை நான் எடுத்துவிட்டேன். ஒரு காற்புள்ளியைத் திருத்தினாலும் அது இன்றைய திகதிக்குத் தாவிவிடும். வாசிப்பவர் எல்லாம் சரிபார்க்கப்பட்டதென்று நினைத்துக்கொள்வார். அதற்குப் பதிலாக நானே கையால் எழுதுகிறேன்: இந்த மாதம் சரிபார்த்தது, 1919 இலக்கத்தில் அரச தகவல் நிலையத்தைக் கேட்டு உறுதிசெய்தது, அல்லது நேற்றுப் போய் வந்த ஒருவர் சொன்னது. எதை எந்த வழியில் அறிந்தேன் என்பது வாசிப்பவருக்குத் தெரிந்தால், அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று அவரே முடிவு செய்வார்.

கட்டணங்களில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 2022 நவம்பரில் கடவுச்சீட்டின் ஒருநாள் சேவைக் கட்டணம் 15,000 ரூபாயிலிருந்து 20,000 ஆனது. எண்ணி எடுத்த காசோடு வந்தவர் 5,000 ரூபாய் குறைந்து கருமபீடத்தின் முன் நிற்கிற நிலையை நினைத்துப் பாருங்கள். ஆகவே கட்டணம் எழுதும் இடங்களில் தொகையையும் மாதத்தையும் ஒரே வாக்கியத்தில் வைக்கிறேன். பிரித்து வைத்தால் ஆட்கள் தொகையை மட்டும் குறித்துக்கொண்டு போவார்கள். 2024இல் வெற்றுக் கடவுச்சீட்டுப் புத்தகங்களுக்குத் தட்டுப்பாடு வந்து பத்தரமுல்லையில் வரிசை வீதிவரை நீண்டபோது, டோக்கன் என்றார்கள், பிறகு இணையத்தில் முன்பதிவு என்றார்கள். அந்த மாதங்களில் நான் புதிய பக்கம் ஒன்றும் எழுதவில்லை. ஒரே பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பத் திருத்தினேன். தளத்துக்கு அதிகம் பேர் வந்ததும் அப்போதுதான்.

ஒரு பக்கத்தின் ஒழுங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடையாள அட்டை என்று தொடங்கினால் ஆட்பதிவுச் சட்டத்தின் வரலாற்றிலிருந்து ஆரம்பிக்க எழுதுபவருக்கு ஆசையாக இருக்கும். எனக்கும் அந்த வரலாறு பிடிக்கும். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் இருந்ததையும், 2016 முதல் அது பன்னிரண்டு இலக்கமானதையும் ஒரு பந்தியாக எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அது பக்கத்தின் அடியில் இருக்கிறது. மேலே இருப்பது வேறு: எங்கே போக வேண்டும், எதையெதை எடுத்துப்போக வேண்டும், எவ்வளவு காசு, மூலப்பிரதியா பிரதியா. அவ்வளவுதான்.

இந்த மேற்பகுதி ஒரு போன் திரைக்குள் அடங்க வேண்டும் என்பது என் விதி. ஏனென்றால் என் வாசகர்கள் பக்கத்தைச் சேமிப்பதில்லை, திரையைப் படம் பிடிக்கிறார்கள். வீட்டிலிருக்கும் மகள் படம் பிடித்து வட்ஸ்அப்பில் தாய்க்கு அனுப்புகிறாள். தாய் 101ஆம் இலக்க பஸ்ஸில் கொள்ளுப்பிட்டிவரை போய், அங்கே கடுவெல போகும் 177இல் ஏறி, பத்தரமுல்லையில் இறங்கும்வரை அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டு போகிறார். பட்டியலில் நான்காவது ஆவணம் திரைக்குக் கீழே போய்விட்டால், அந்த ஆவணம் வீட்டிலேயே இருந்துவிடும். என் மேசையில் பழைய சிறிய போன் ஒன்று இதற்காகவே இருக்கிறது. கணினியில் எழுதி முடித்ததும் முதலில் அதில்தான் திறப்பேன்.

போன் இல்லாதவர்கள் கொமியுனிகேஷன் கடையில் அச்செடுத்து வருகிறார்கள். அங்கே பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு. தளத்தின் மேற்பட்டை, அடிப்பட்டை, பக்கவாட்டு இணைப்புகள் எல்லாம் சேர்ந்து அச்சாகி மூன்று நான்கு தாள் போய்விட்டால் அது வறியவர் கையிலிருந்து நாம் எடுக்கும் காசு. அச்சுக்கென்று தனியாகச் சில சிஎஸ்எஸ் விதிகள், அதாவது பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கட்டளைகள், எழுதலாம் என்று ஒரு தம்பி சொல்லித்தந்தான். தேவையற்றதெல்லாம் மறைந்து, ஒரு ஏ4 தாளுக்குள் எல்லாம் அடங்குகிறது. தளத்தில் செய்த திருத்தங்களில் எனக்கு மிகவும் நிறைவு தந்தது இதுதான். யாரும் இதைக் கவனித்துப் பாராட்டியதில்லை. படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவர் கையில் என் பக்கம் ஒற்றைத் தாளாக இருப்பதை மட்டும் பார்க்கிறேன்.

மக்கள் எந்தச் சொல்லால் தேடுகிறார்கள் என்பதைத் தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சேர்ச் கொன்சோல் என்ற கருவி காட்டும். அதை மாதம் ஒரு முறை வாசியுங்கள். வடக்கிலிருந்து தேடுகிறவர் விதானையார் என்பார், படிவத்தில் கிராம அலுவலர் என்று இருக்கும். சிலர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுவார்கள். இரண்டு வழக்கையும் பக்கத்துக்குள் இயல்பாக எழுதிவிட்டால் போதும். அதற்கு மேல் தேடுபொறிக்காக எழுத வேண்டாம்.

எங்கள் நாட்டில் இன்னொரு பழைய சிக்கல் இருக்கிறது. கொழும்பில் அச்சுக்கூடங்களிலும் தட்டச்சுக் கடைகளிலும் பாமினி எழுத்துரு நீண்டகாலம் ஆட்சி செய்தது. பாமினியில் "தமிழ்" என்று தட்டினால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கணினிக்குள் இருப்பதோ ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். தேடுபொறிக்கு அது வெறும் குப்பை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொதுக் குறிமுறையான யூனிகோட்டில் 1991ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலிருந்தே தமிழுக்கு இடம் உண்டு. ஆனாலும் பாமினியில் எழுதிய அருமையான கட்டுரைகள் இன்னும் பலருடைய கணினிகளில் கிடக்கின்றன. மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு முறை கண்ணால் வாசியுங்கள். ஒகர ஓகாரமும் கொம்புகளும் இடம்மாறிக் கிடக்கும்.

பக்க முகவரியைத் தமிழில் வைப்பதா என்று கேட்பார்கள். மனதுக்கு இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால் முகவரியை நகலெடுத்து அனுப்பும்போது பல இடங்களில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்துகளாக விரிகிறது. "பிறப்புச் சான்றிதழ்" என்ற இரண்டு சொல்லுக்கு 162 எழுத்துகள். குறுஞ்செய்தியில் அதைப் பார்க்கிற முதியவர் ஏதோ மோசடி இணைப்பு என்று பயந்து அழித்துவிடுகிறார். நான் முகவரியைச் சிறிய ஆங்கில எழுத்துகளிலும் தலைப்பைத் தமிழிலும் வைக்கிறேன். எழுத்துரு விடயத்தில் அதிகம் சொல்வதற்கில்லை. இன்றைய போன்களிலேயே நல்ல தமிழ் எழுத்துரு இருக்கிறது, தனியாக ஒன்றை இறக்க வைத்து வாசகரின் டேட்டாவைச் செலவழிக்க வேண்டியதில்லை. வரிகளுக்கிடையே கொஞ்சம் தாராளமாக இடம் விடுங்கள். இருபுறமும் சமன்படுத்தாதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, சிறிய திரையில் இடையிடையே பெரிய ஓட்டைகள் விழும்.

வேகமும் அப்படித்தான். பக்கத்தின் முக்கிய பகுதி 2.5 செக்கனுக்குள் கண்ணில் தெரிய வேண்டும் என்று கூகுள் ஓர் அளவு வைத்திருக்கிறது. என் தளத்தை எடுத்துப் பார்த்தபோது பாரமாக இருந்தவை முகப்பில் தானாக நகர்ந்துகொண்டிருந்த படங்கள்தான். போனில் எடுத்த ஒரு படம் நான்கைந்து மெகாபைட் இருக்கும். அகலத்தை 1,200 புள்ளிகளாகக் குறைத்து வெப்பி (WebP) என்ற பட வடிவில் சேமித்தால் நூறு, நூற்றைம்பது கிலோபைட்டில் அடங்கிவிடும். நகரும் படங்களை முழுதாகவே எடுத்துவிட்டேன். அவற்றை யாரும் தேடவில்லை.

2022இல் ஒரு பாடம் எல்லோருக்கும் கிடைத்தது. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. தளத்தை வைத்திருக்கும் வெளிநாட்டுச் சேவையகத்துக்கு வாடகை டொலரில். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு என்று அறிவித்தார்கள். ஏப்ரல் 3ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், யூடியூப், டுவிட்டர் எல்லாவற்றையும் அரசு முடக்கியது. 2018 மார்ச்சிலும், 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின்னும் இதே அனுபவம் இருந்தது. பேஸ்புக் பக்கம் ஒன்றே தளம் என்று நம்பியிருந்த எத்தனையோ நல்ல எழுத்தாளர்களுடைய வாசகர்கள் அன்று அவர்களை அடைய முடியாமல் நின்றார்கள். என் பக்கங்கள் திறந்தன, ஏனென்றால் அவை சொந்தப் பெயரில், சொந்த முகவரியில் இருந்தன. பேஸ்புக்கில் எழுதாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. மூலத்தைச் சொந்த இடத்தில் வைத்துவிட்டு இணைப்பை அங்கே போடுங்கள். முகவரிப் பெயரைப் புதுப்பிக்கும் திகதியை வீட்டில் இரண்டு பேராவது அறிந்திருக்கட்டும். தளத்தின் முழுப் பிரதியையும் மாதம் ஒரு முறை இறக்கி, சேவையகத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரம் போடலாமே என்று நண்பர்கள் சொல்வதுண்டு. கூகுளின் விளம்பரச் சேவையான அட்சென்ஸ் 2018 முதல் தமிழ்த் தளங்களையும் ஏற்றுக்கொள்கிறது. செலவை ஈடுகட்ட அது உதவும் என்பதும் உண்மை. ஆனால் கடவுச்சீட்டுப் பக்கத்தின் ஓரத்தில் என்ன விளம்பரம் வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும்: வெளிநாட்டில் வேலை, உடனே புறப்படலாம். என் பக்கத்தைத் தேடி வருகிற தாய்மாரில் எத்தனையோ பேர் அப்படியொரு வாக்கை நம்பி நகையை அடகு வைத்தவர்கள். அந்த விளம்பரத்தில் இருக்கிற முகவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் உண்டா என்று நான் எப்படிப் பார்ப்பேன்? பார்க்க முடியாத ஒன்றுக்கு என் பக்கத்தில் இடம் கொடுக்க முடியாது. வாடகையை மொழிபெயர்ப்பு வருமானத்திலிருந்து கட்டுகிறேன்.

தனிப்பட்ட விவரங்களிலும் கண்டிப்பு வேண்டும். தொடர்புப் படிவத்தைத் திறந்து வைத்தவுடன் ஆட்கள் அடையாள அட்டையின் இரு பக்கத்தையும் படம் பிடித்து அனுப்பத் தொடங்கினார்கள். அந்த இலக்கத்தில் என்ன இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. பிறந்த ஆண்டு இருக்கிறது. அதையடுத்த மூன்று இலக்கங்கள் ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். ஓர் இலக்கத்தைப் பொதுவில் போட்டால் பிறந்தநாளையும் சேர்த்துக் கொடுத்ததாகிறது. படம் இணைக்கும் வசதியைப் படிவத்திலிருந்து எடுத்துவிட்டேன். வந்த படங்களுக்குப் பதில் எழுதிய கையோடு அழிக்கிறேன். 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இப்போது நாட்டில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இதைச் செய்யத்தான் வேண்டும்.

தளம் வளர்ந்ததா என்றால், வளர்ந்தது. எண்ணிக்கையில் மட்டும் அல்ல. மலையகத்திலிருந்து ஓர் இளம் பெண் எழுதியிருந்தாள். நீங்கள் கிராம அலுவலரிடம் போகச் சொல்கிறீர்கள் அக்கா, எங்கள் லயத்தில் இருப்பவர்கள் தோட்டத் துரையிடம்தான் கையெழுத்து வாங்குகிறோம் என்றாள். தோட்டத்தில் குடியிருப்போரின் அடையாள அட்டை விண்ணப்பத்தைத் தோட்ட அத்தியட்சகர் உறுதிப்படுத்தலாம் என்பது விதியிலும் இருக்கிறது. அன்று அந்தப் பக்கத்தில் ஒரு பகுதி கூடியது, பாடசாலை மாணவருக்கு அதிபர் உறுதிப்படுத்துவது பற்றி அடுத்ததாக இன்னொன்று. பெயர்த் திருத்தம் பற்றிச் சிதறிக் கிடந்த சில சிறு பதிவுகளை ஒன்றாகச் சேர்த்து, பழைய முகவரிகளைத் தட்டுகிறவர் புதிய பக்கத்துக்கே வந்துசேரும்படி 301 வழிமாற்று வைத்தேன். பக்கங்களின் தொகை குறைந்தது, வாசகர் கூடினர். எழுதியதை நீக்க மனம் வராதவர்கள் இதை ஒரு முறையாவது செய்து பார்க்க வேண்டும்.

இந்த மாதம் திருத்துவதற்கென்று எடுத்து வைத்திருப்பது பொலிஸ் நற்சான்றிதழ்ப் பக்கம். அண்மையில் அதற்கு விண்ணப்பித்தவர்கள் மூன்று விடயத்தை மட்டும் எழுதி அனுப்புங்கள்: எந்த மாதம் விண்ணப்பித்தீர்கள், எவ்வளவு கட்டினீர்கள், சான்றிதழ் கைக்கு வர எத்தனை நாள் ஆயிற்று. அடையாள அட்டை இலக்கத்தை அனுப்ப வேண்டாம்.